பிரைமர் வடிவமைப்பிற்கு முன் மீள்வரிசைகளை மறைத்தல்: பிஆர்சிஏ1 மரபணு வழி ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

பாலிமரேசு தொடர்வினையின் வெற்றி, அதில் பயன்படும் பிரைமர்கள் மரபணுத்தொகுதியில் ஒரே இடத்தில் மட்டும் பிணைவதைப் பொறுத்தது. உயர் உயிரிகளின் டி.என்.ஏ.வில் பெரும்பகுதி மீள்வரிசைகளால் ஆனது என்பதால், பிரைமர்களை வடிவமைப்பதற்கு முன் அவ்வரிசைகளை அடையாளங்கண்டு மறைப்பது தேவையாகிறது. மீள்வரிசைகளின் வகைகள், அவற்றைக் கண்டறியும் மென்பொருள்கள், வன்மறைப்பு, மென்மறைப்பு என்னும் இரு முறைகளின் வேறுபாடு, மறைப்பின் எல்லைகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. அலு வரிசைகள் செறிந்த பிஆர்சிஏ1 மரபணு சான்றாகக் கொள்ளப்பட்டுள்ளது. மறைப்பு செய்யப்பட்டிருந்தும் அது செயற்படாமல் போகும் சூழல்களும், மறைப்பினால் மட்டும் தீராத போலி மரபணுச் சிக்கலும் சுட்டிக்காட்டப்படுகின்றன.

குறிச்சொற்கள்: மீள்வரிசை, பிரைமர், பாலிமரேசு தொடர்வினை, வன்மறைப்பு, மென்மறைப்பு, அலு, பிஆர்சிஏ1, போலி மரபணு.

முன்னுரை

1968ஆம் ஆண்டில் பிரிட்டன், கோன் ஆகிய இருவரும் பிரிக்கப்பட்ட டி.என்.ஏ. இழைகள் மீண்டும் இணையும் வேகத்தை அளந்து, உயர் உயிரிகளின் மரபணுத்தொகுதியில் ஒரே வரிசை பல்லாயிரம் முறை இடம்பெறுவதை நிறுவினர். அதற்கு முன்னரே, 1940களில், பார்பரா மெக்ளின்டாக் மக்காச்சோளத்தில் இடம்பெயரும் மரபுக் கூறுகளைக் கண்டறிந்திருந்தார். அக்கண்டுபிடிப்பிற்கு 1983இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதே 1983இல்தான் கேரி மல்லிஸ் பாலிமரேசு தொடர்வினையை உருவாக்கினார். குறிப்பிட்ட ஓர் இடத்தைத் தேர்ந்து பெருக்குவது அவ்வினையின் நோக்கம். ஒரே வரிசை பல இடங்களில் இருப்பது மீள்வரிசையின் இயல்பு. இவ்விரண்டும் முரண்படும் இடத்திலிருந்தே பிரைமர் வடிவமைப்பின் முதன்மையான சிக்கல் எழுகிறது.

மறைத்தல் என்பது மீள்வரிசையை அழிப்பதன்று. பிரைமர் தேடும் மென்பொருள் அப்பகுதியைத் தவிர்க்குமாறு குறியிடுவதாகும். எளிய பணியாகத் தோன்றினும், இதில் நேரும் பிழை வெளிப்படையாகத் தெரிவதில்லை. மென்பொருள் எச்சரிக்கை ஏதுமின்றிப் பிரைமர்களைத் தந்துவிடும். பிழை ஆய்வுக்கூடத்திலோ, சில வேளைகளில் நோயாளியின் அறிக்கையிலோதான் வெளிப்படும்.

1. மீள்வரிசைகளின் வகைகளும் அளவும்

மீள்வரிசைகளை இரு பெரும் பிரிவுகளாகப் பகுக்கலாம். முதலாவது, தொகுதி முழுவதும் சிதறிக் கிடக்கும் மீள்வரிசைகள். இவை இடம்பெயர் கூறுகள் தம்மைப் படியெடுத்துப் பரவியதால் விளைந்தவை. மனித மரபணுத்தொகுதியில் அலு என்னும் குடும்பம் ஏறத்தாழ 300 கார இணை நீளமுடையது. 10 இலட்சத்திற்கும் மேற்பட்ட படிகளாகப் பரவித் தொகுதியில் ஏறக்குறைய 10 விழுக்காட்டை நிறைத்துள்ளது. எல்1 என்னும் குடும்பத்தின் முழுப்படி ஏறத்தாழ 6,000 கார இணை நீளமுடையது. எனினும் அதன் படிகளில் பெரும்பாலானவை முன்முனை குறைந்தவை. அவை தொகுதியில் ஏறத்தாழ 17 விழுக்காடாகும். பயிர்களில் நிலைமை இன்னும் கடுமையானது. 2009இல் வெளியான மக்காச்சோள மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 85 விழுக்காடு இடம்பெயர் கூறுகளாகும்.

இரண்டாவது பிரிவு, அடுத்தடுத்து அமையும் மீள்வரிசைகள். சி, ஏ என்னும் ஈரெழுத்து பலமுறை தொடர்வது போன்ற நுண்மீள்வரிசைகளும், குரோமோசோமின் மையப்பகுதியில் அமையும் நீண்ட துணைவரிசைகளும் இப்பிரிவைச் சாரும். ஏ எழுத்து மட்டுமே தொடரும் பகுதி போன்ற எளிய கட்டமைப்புடைய வரிசைகளும் பிரைமருக்கு ஏற்றவையல்ல என்பதால், அவையும் மறைப்பில் சேர்க்கப்படுகின்றன.

2. மீள்வரிசையில் அமையும் பிரைமரால் விளையும் இடர்கள்

20 எழுத்துடைய பிரைமர் தனித்தன்மை உடையதாகவே இருக்கும் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. நான்கு எழுத்துகளைக் கொண்டு 20 எழுத்துத் தொடர்களை அமைக்கும் வழிகள் ஏறத்தாழ 1.1 இலட்சம் கோடி. மனித மரபணுத்தொகுதியின் 300 கோடி கார இணைகளை இரு இழைகளிலும் எண்ணினால் 600 கோடி இடங்கள் கிடைக்கும். எழுத்துகள் தற்செயலாக அமைந்திருப்பின், குறிப்பிட்ட ஒரு 20 எழுத்துத் தொடர் ஏறத்தாழ 180 மரபணுத்தொகுதிகளில் ஒருமுறை மட்டுமே தோன்ற வேண்டும். 16 எழுத்துத் தொடருக்கு வழிகள் 429 கோடி மட்டுமே என்பதால், அது ஒரு தொகுதியிலேயே ஒன்றிரண்டு முறை தோன்றலாம். இக்கணக்கு தற்செயல் அமைப்புக்கே பொருந்தும். மரபணுத்தொகுதியோ படியெடுப்பினால் வளர்ந்தது. அலு வரிசையினுள் அமையும் 20 எழுத்துத் தொடருக்கு ஒத்த இடங்கள் பல்லாயிரக்கணக்கில் இருக்கக்கூடும்.

இதன் விளைவுகளை மூன்றாகத் தொகுக்கலாம்.

முதலாவது, பிரைமர் வீணாதல். 25 மைக்ரோலிட்டர் வினைக்கலவையில் 0.2 மைக்ரோமோலார் செறிவில் ஒரு பிரைமர் இருப்பின், அதன் மூலக்கூறுகள் ஏறத்தாழ 3 இலட்சம் கோடி. 100 நானோகிராம் மனித டி.என்.ஏ.வில் ஒற்றைத் தொகுதிகள் ஏறத்தாழ 30,000. ஒவ்வொன்றிலும் 10 இலட்சம் அலு இடங்கள் பிரைமரைப் பிணைப்பதாகக் கொண்டால், ஒரு சுழற்சியில் 3,000 கோடி மூலக்கூறுகளும், 30 சுழற்சிகளில் 90,000 கோடி மூலக்கூறுகளும் பயனற்ற நீட்சிக்குச் செலவாகும். இது மொத்தப் பிரைமரில் மூன்றில் ஒரு பங்கை நெருங்குகிறது. எல்லா அலுப் படிகளும் ஒரே பிரைமரைப் பிணைப்பதில்லை என்பதால் இது உச்ச மதிப்பீடே. டி.என்.ஏ. அளவு 10 நானோகிராம் ஆயின் இழப்பும் பத்தில் ஒன்றாகக் குறையும். ஆகவே, பிரைமர் வீணாதல் மட்டுமே தோல்விக்குக் காரணமன்று.

இரண்டாவது, வேண்டாத விளைபொருள்கள் பெருகுதல். எதிரெதிர்த் திசையில் அமைந்த இரு அலு வரிசைகள் அருகருகே இருப்பின், ஒரே பிரைமர் இரு பக்கமும் பிணைந்து இடைப்பகுதியை அடுக்குமுறையில் பெருக்கிவிடும். ஜெல்லில் தெளிவான பட்டைக்கு மாறாகப் பரவலான தடம் தோன்றுவதற்கு இது முதன்மைக் காரணமாகும். இதே இயல்பு கருவியாகவும் பயன்பட்டது. கலப்பினச் செல்களிலிருந்து மனித டி.என்.ஏ.வை மட்டும் பிரித்துப் பெருக்குவதற்கு அலுப் பிரைமர்களைப் பயன்படுத்தும் முறை 1989இல் வெளியிடப்பட்டது. ஒரு பயன்பாட்டில் வேண்டப்படுவதே மற்றொன்றில் தவிர்க்கப்பட வேண்டியதாகிறது.

மூன்றாவது, அளவீட்டுப் பிழை. நிகழ்நேரப் பாலிமரேசு தொடர்வினையில், சாயத்தின் ஒளிர்வு இலக்கின் பெருக்கத்தையும் பிற விளைபொருள்களின் பெருக்கத்தையும் பிரித்தறிவதில்லை. இதனால் இலக்கின் அளவு மிகையாகக் கணிக்கப்படும்.

3. மீள்வரிசைகளைக் கண்டறியும் முறைகள்

கண்டறியும் முறைகள் மூவகைப்படும். முதல் வகை, அறியப்பட்ட மீள்வரிசைகளின் தொகுப்போடு ஒப்பிடுவது. ஏரியன் ஸ்மிட் முதலானோர் உருவாக்கிய ரிப்பீட்மாஸ்கர் இவ்வகையில் பெரிதும் பயன்படுகிறது. ரெப்பேஸ், டிஃபாம் ஆகிய தொகுப்புகள் இதற்கு அடிப்படையாகின்றன. இங்கு உயிரினத்தைச் சரியாகக் குறிப்பிடுவது இன்றியமையாதது. நெல்லின் வரிசையை மனிதத் தொகுப்போடு ஒப்பிட்டால், நுண்மீள்வரிசைகளும் எளிய கட்டமைப்புப் பகுதிகளும் மட்டுமே மறைக்கப்படும். நெல்லுக்குரிய இடம்பெயர் கூறுகள் மறைக்கப்படாமல் நிற்கும். வெளியீட்டில் சில இடங்கள் மறைக்கப்பட்டிருப்பதால் பணி முடிந்ததென்னும் தவறான நிறைவும் ஏற்படும்.

இரண்டாம் வகை, தொகுப்பின் துணையின்றி வரிசையிலிருந்தே மீள்வரிசைக் குடும்பங்களை வருவிப்பது. ரிப்பீட்மாடலர் இவ்வகையைச் சார்ந்தது. மரபணுத்தொகுதி புதிதாக வாசிக்கப்பட்ட உயிரினங்களுக்கு இதுவே வழி. அடுத்தடுத்து அமையும் மீள்வரிசைகளுக்கு 1999இல் கேரி பென்சன் வெளியிட்ட டேண்டம் ரிப்பீட்ஸ் ஃபைண்டரும், எளிய கட்டமைப்புப் பகுதிகளுக்கு டஸ்ட் என்னும் நிரலும் பயன்படுகின்றன.

மூன்றாம் வகை, குடும்பங்களைப் பற்றிய அறிவின்றிச் சொற்களை எண்ணுவது. மரபணுத்தொகுதியில் குறிப்பிட்ட நீளமுடைய எழுத்துத் துண்டு ஒவ்வொன்றும் எத்தனை முறை வருகிறது எனக் கணக்கிட்டு, மிகுதியாக வருவனவற்றை மறைப்பது இதன் நெறி. 2006இல் வெளியான விண்டோமாஸ்கர் இந்நெறியைப் பின்பற்றுகிறது. எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட பிரைமர்3 மாஸ்கர், இதே நெறியைப் பிரைமர் வடிவமைப்பிற்கென்றே அமைத்துக்கொண்டது.

முதல் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் உள்ள வேறுபாடு கருதத்தக்கது. முதல் வகை, ஓர் இடம் எக்குடும்பத்திலிருந்து தோன்றியது என்னும் வினாவிற்கு விடை தருகிறது. பிரைமர் வடிவமைப்பாளருக்கு வேண்டியதோ, அத்துண்டு இன்று எத்தனை இடங்களில் உள்ளது என்னும் வினாவின் விடை. எம்ஐஆர், எல்2 போன்ற தொன்மையான மீள்வரிசைகள் நெடுங்கால மாற்றங்களால் பெரிதும் வேறுபட்டுப்போனவை. அவற்றினுள் அமையும் 20 எழுத்துத் தொடர் பெரும்பாலும் தனித்தன்மை உடையதாகவே இருக்கும். அவற்றையும் முற்றாக மறைப்பது பயன்படத்தக்க இடங்களை இழப்பதாகும்.

4. வன்மறைப்பும் மென்மறைப்பும்

மீள்வரிசையின் ஒவ்வோர் எழுத்தையும் என் என்னும் எழுத்தால் மாற்றுவது வன்மறைப்பு. எழுத்துகளை மாற்றாமல், பெரிய எழுத்துகளைச் சிறிய எழுத்துகளாக மட்டும் மாற்றுவது மென்மறைப்பு. ரிப்பீட்மாஸ்கர் இயல்பாக வன்மறைப்பைத் தரும். வேண்டுமெனில் மென்மறைப்பையும் தரும். பொது மரபணு உலாவிகளில் பதிவிறக்கப்படும் வரிசைகள் பெரும்பாலும் மென்மறைப்பு உடையவை.

மறைப்பு செயற்படாமல் போகும் முதன்மையான இடம் இதுவே. 2000ஆம் ஆண்டில் ரோசனும் ஸ்கலெட்ஸ்கியும் விளக்கிய பிரைமர்3 மென்பொருளின் இயல்பு அமைப்பில், பிரைமருள் என் எழுத்து ஒன்றுகூட ஏற்கப்படுவதில்லை. ஆகவே வன்மறைப்பு உடனே செயற்படும். ஆனால் சிறிய எழுத்து மறைப்பு என்னும் அமைப்பு இயல்பாக 0 என்னும் நிலையில் உள்ளது. அதனை 1 என மாற்றாவிடில், சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் ஒன்றாகவே கொள்ளப்படும். மென்மறைப்பு அனைத்தும் பயனற்றுப்போகும். மென்பொருள் இதனைப் பிழையாகக் காட்டாது.

அவ்வமைப்பை 1 என மாற்றினாலும், அதன் பொருளைச் சரியாக அறிதல் வேண்டும். பிரைமரின் 3' முனையில் உள்ள கடைசி எழுத்து சிறியதாக இருந்தால் மட்டுமே அப்பிரைமர் விலக்கப்படும். பாலிமரேசு நொதி 3' முனையிலிருந்தே நீட்சியைத் தொடங்குவதால், அம்முனைக்கு முதன்மை தரப்பட்டுள்ளது. சொல் எண்ணும் முறையில் மறைக்கப்பட்ட வரிசைக்கு இவ்விதி முற்றும் பொருந்தும். ஏனெனில் அங்கு ஓர் எழுத்து குறியிடப்படுவது, அவ்வெழுத்தில் முடியும் சொல் மிகுதியாக வருவதைக் காட்டுகிறது. ரிப்பீட்மாஸ்கர் மறைத்த வரிசைக்கு இவ்விதி அரைகுறையாகவே பொருந்தும். அங்கு எழுத்தின் வடிவம், அது ஒரு மீள்வரிசைப் பகுதிக்குள் உள்ளதா இல்லையா என்பதை மட்டும் உணர்த்துகிறது. 19 எழுத்துகள் அலுவுக்குள்ளும் கடைசி எழுத்து மட்டும் வெளியிலும் அமைந்த பிரைமர் இச்சோதனையில் தேறிவிடும். அந்த ஓர் எழுத்து பிற அலுப் படிகளின் விளிம்பிலும் தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆகவே ரிப்பீட்மாஸ்கர் மறைப்பைப் பயன்படுத்துவோர் கடைசி எழுத்தை மட்டும் நம்பாமல், 3' முனையின் பாதிப்பகுதியேனும் மீள்வரிசைக்கு வெளியே அமைவதை உறுதிசெய்தல் நன்று.

5. பிஆர்சிஏ1 மரபணுவில் மறைப்பின் பயன்பாடு

மார்பகப் புற்றுநோய், சூலகப் புற்றுநோய் ஆகியவற்றின் மரபுவழி இடரோடு தொடர்புடைய பிஆர்சிஏ1 மரபணு 17ஆம் குரோமோசோமில் அமைந்துள்ளது, 1994இல் கண்டறியப்பட்டது. இது ஏறத்தாழ 81,000 கார இணை நீளத்தில் பரவியிருப்பினும், 1,863 அமினோ அமிலங்களுக்குரிய குறியீட்டுப் பகுதி 5,600 எழுத்துகளுக்கும் குறைவே. எஞ்சியவற்றுள் பெரும்பகுதி இன்ட்ரான்கள். 1996இல் வெளியான இம்மரபணுவின் முழு வரிசையில் அலு மீள்வரிசைகள் 41.5 விழுக்காடாக இருந்தன. இது தொகுதியின் சராசரியைப்போல் நான்கு மடங்காகும்.

எக்சான் 11 ஒன்றே 3,400 எழுத்துகளுக்கு மேல் நீள்வதால், அதனுள்ளேயே பிரைமர்களை அமைத்துப் பகுதி பகுதியாகப் பெருக்கலாம். சிறிய எக்சான்களுக்கு அவ்வாய்ப்பு இல்லை. எக்சானின் இரு எல்லைகளிலும் உள்ள பிளவிடங்களையும் வாசிக்க வேண்டுமாதலால், பிரைமர்கள் இன்ட்ரான்களில்தான் அமைய வேண்டும். எக்சானை அடுத்து உடனடியாக அலு வரிசை தொடங்கும் இடங்களில், மறைப்புக்குப் பின் பிரைமருக்கு இடமே எஞ்சாமல் போகலாம்.

இத்தகைய இடங்களில் மறைப்பை நீக்கிவிடுவது சரியான தீர்வன்று. பிரைமர் பிணையும் இடம் மட்டுமே தனித்தன்மை உடையதாக இருக்க வேண்டும். பெருக்கப்படும் பகுதியினுள் மீள்வரிசை இருப்பது தடையன்று. ஆகவே பிரைமரை அலு வரிசைக்கு அப்பால் நகர்த்தி, நீண்ட விளைபொருளைப் பெறலாம். வரிசை வாசிப்பிற்கு எக்சானை ஒட்டிய மற்றொரு பிரைமரைப் பயன்படுத்தலாம். அது பெருக்கப்பட்ட விளைபொருளின் மீது மட்டுமே செயற்படுவதால், அதன் தனித்தன்மைக்கான கட்டுப்பாடு தளர்கிறது.

அலு வரிசைகளைக் கடந்து பெருக்குவதன் தேவைக்கு மற்றொரு சான்றும் உண்டு. ஒத்த அலு வரிசைகளுக்கிடையே நேரும் மறுசேர்க்கையால் பிஆர்சிஏ1இன் பகுதிகள் நீங்கிவிடுவதுண்டு. நெதர்லாந்துக் குடும்பங்களில் எக்சான் 13ஐ உள்ளடக்கிய 3,835 கார இணை நீக்கமும், எக்சான் 22ஐ உள்ளடக்கிய 510 கார இணை நீக்கமும் 1997இல் அறிவிக்கப்பட்டன. எக்சான்களைத் தனித்தனியே பெருக்கும் சோதனையில் இவை புலப்படா. ஒரு படியில் எக்சான் நீங்கியிருப்பினும், மற்றொரு படி இயல்பான விளைபொருளைத் தந்துவிடும். நீக்கத்தின் இரு புறமும், அலுக்களுக்கு வெளியே, பிரைமர்களை அமைத்தால் இச்சிக்கல் தீரும். சான்றாக, இயல்பான படி 1,000 கார இணை விளைபொருளைத் தருமாறு பிரைமர்களை அமைப்பின், 510 கார இணை நீங்கிய படி 490 கார இணைப் பட்டையைத் தரும். இங்கு மறைப்பு பிரைமரின் இடத்தைத் தீர்மானிக்கிறது. பெருக்கப்படும் பகுதியைத் தீர்மானிப்பதில்லை.

6. மறைப்பில் அகப்படாதவை

மீள்வரிசைத் தொகுப்புகளில் இடம்பெறாத இரட்டிப்புகளை ரிப்பீட்மாஸ்கர் மறைப்பதில்லை. பிஆர்சிஏ1இன் தொடக்கப்பகுதியும் எக்சான் 2உம் அருகிலுள்ள ஒரு போலி மரபணுவிலும் காணப்படுகின்றன. இரண்டே இடங்களில் உள்ள வரிசையைச் சொல் எண்ணும் முறையும் மிகுதியானதெனக் கொள்ளாது. ஆகவே முழுமையாக மறைக்கப்பட்ட வரிசையிலிருந்து பெறப்படும் பிரைமர் இணையும் போலி மரபணுவைச் சேர்த்தே பெருக்கக்கூடும்.

இதன் விளைவு எளிய கணக்கால் விளங்கும். 185டெல்ஏஜி எனப்படும் அறியப்பட்ட திடீர் மாற்றம் எக்சான் 2இல் அமைந்துள்ளது. ஒருவரிடம் இது ஒரு படியில் மட்டும் இருப்பின், விளைபொருளில் பாதி மாற்றமுற்றதாக இருக்க வேண்டும். போலி மரபணுவின் இரு படிகளும் சமமாகப் பெருகினால், நான்கில் ஒரு பங்கு மட்டுமே மாற்றமுற்றதாகும். பின்னணி இரைச்சலோடு குறுகிய சிகரமாகத் தோன்றும் அம்மாற்றம் கவனத்திற்கு வராமல் போகலாம். இதைத் தவிர்ப்பதற்கு, இரு வரிசைகளையும் ஒழுங்குபடுத்தி, அவை வேறுபடும் எழுத்து பிரைமரின் 3' முனையில் அமையுமாறு செய்தல் வேண்டும்.

7. தனித்தன்மையைச் சரிபார்த்தல்

வடிவமைத்த பிரைமர்களை முழு மரபணுத்தொகுதியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இறுதிப் படியாகும். 2012இல் வெளியான பிரைமர்-பிளாஸ்ட் வடிவமைப்பையும் இச்சரிபார்ப்பையும் ஒருங்கே செய்கிறது. இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. பிளாஸ்ட் போன்ற தேடல் நிரல்களில் மீள்வரிசைகளைத் தவிர்க்கும் வடிகட்டிகள் உள்ளன. பிளாட் நிரல், மிகுதியாக வரும் 11 எழுத்துத் துண்டுகளைத் தேடலின் தொடக்கப் புள்ளிகளாகக் கொள்ளாதவாறு இயக்கப்படுவதுண்டு. அலுவுக்குள் அமைந்த பிரைமரை இவ்வாறு தேடினால், பல்லாயிரம் பொருத்தங்களுக்கு மாறாக ஒரு பொருத்தமும் வராமல் போகலாம். அவ்வமைதி தனித்தன்மைக்குச் சான்றன்று. தனித்தன்மையுடைய பிரைமர் தன் இலக்கையேனும் காட்டியாக வேண்டும். இலக்கும் தோன்றாத தேடல், வடிகட்டிகள் செயற்பட்டிருப்பதையே உணர்த்துகிறது.

8. பரிந்துரைக்கத்தக்க செயல்முறை

மேற்கண்டவற்றின் அடிப்படையில் செயல்முறையைப் பின்வருமாறு வரிசைப்படுத்தலாம்.

அ. இலக்குப் பகுதியை மட்டும் எடுக்காமல், இரு புறமும் போதிய நீள வரிசையோடு எடுத்தல். மிகக் குறுகிய துண்டில் மீள்வரிசையின் ஒரு பகுதி மட்டுமே இருப்பின் அது அடையாளங்காணப்படாமல் போகலாம்.

ஆ. உயிரினத்தைச் சரியாகக் குறிப்பிட்டு மறைத்தல். தொகுப்பு இல்லாத உயிரினத்திற்குத் தொகுப்பை உருவாக்குதல் அல்லது சொல் எண்ணும் முறையைப் பயன்படுத்துதல்.

இ. மறைக்கப்பட்ட எழுத்துகளை நீக்காமல் அவ்விடத்திலேயே வைத்திருத்தல். நீக்கினால் விளைபொருளின் நீளக் கணக்கு பிழையாகும்.

ஈ. மென்மறைப்பு எனில், பிரைமர்3இன் உரிய அமைப்பு 1 என உள்ளதை உறுதிசெய்தல்.

உ. அறியப்பட்ட ஓர் அலு வரிசையை மட்டும் உள்ளீடாகத் தந்து, பிரைமர் ஏதும் கிடைக்காததைக் காணுதல். மறைப்பு செயற்படுகிறதா என அறிய இதுவே எளிய சோதனை.

ஊ. போலி மரபணுக்களையும் இரட்டிப்புகளையும் தனியே தேடுதல்.

எ. வடிகட்டிகளை நீக்கி, முழுத் தொகுதியோடு பிரைமர் இணையைச் சரிபார்த்தல்.

முடிவுரை

மீள்வரிசை மறைப்பு, பிரைமர் வடிவமைப்பில் ஒரு முன்தயாரிப்பாக மட்டும் கருதப்படுவதால் அதன் உள்ளமைப்புகள் பெரிதும் கவனிக்கப்படுவதில்லை. எத்தொகுப்போடு ஒப்பிடப்பட்டது, எவ்வகையில் மறைக்கப்பட்டது, அம்மறைப்பை அடுத்த மென்பொருள் எவ்வாறு பொருள்கொள்கிறது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை தெரிந்தால்தான் மறைப்பு பயன் தரும். பிஆர்சிஏ1 காட்டுவதுபோல, மீள்வரிசைகள் செறிந்த மரபணுவிலும் மறைப்பைக் கைவிடாமல் பிரைமரின் இடத்தை மாற்றித் தீர்வு காண முடிகிறது. அதே மரபணு, மறைப்பிற்கு அப்பாலும் தேட வேண்டியவை உள என்பதையும் உணர்த்துகிறது. ஆய்வேடுகளிலும் கட்டுரைகளிலும் பிரைமர் வரிசைகளோடு மறைப்பு முறை, பயன்படுத்திய தொகுப்பு, மென்பொருள் அமைப்புகள் ஆகியவற்றையும் குறிப்பிடும் வழக்கம் நிலைபெறுமாயின், பிற ஆய்வாளர்கள் அச்சோதனையை மீளச் செய்வதும் பிழை நேர்ந்த இடத்தைக் கண்டறிவதும் எளிதாகும்.